பாறையிடுக்கில் ஒரு போசம், வானில் ஓர் அந்துப்பூச்சி

1966ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஹோத்தம் மலையைப் பனி மூடியிருந்தது. அங்குள்ள பனிச்சறுக்கு விடுதி ஒன்றில், எலியைப் போன்ற சிறிய விலங்கு ஒன்று அகப்பட்டது. சாம்பல் கலந்த பழுப்பு நிற உரோமம், உடலைவிட நீண்ட வால், பெரிய கருவிழிகள். பிடித்தவர்களுக்கு அஃது என்ன விலங்கு என்று தெரியவில்லை. அதன் பற்களை ஆராய்ந்த அறிவியலாளர்களோ வியப்பில் ஆழ்ந்தனர். அத்தகைய பற்களை அவர்கள் முன்பே அறிந்திருந்தனர். ஆனால், கல்லாக மாறிப்போன எலும்புகளில் மட்டுமே.

அந்த எலும்புகள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வொம்பியன் குகைப் பகுதியில் கிடைத்தவை. ராபர்ட் புரூம் என்னும் மருத்துவர் 1895இல் அவற்றை ஆராய்ந்து, அவ்விலங்குக்குப் 'பர்ராமிஸ் பார்வஸ்' என்று பெயரிட்டார். 'பர்ரா' என்பது கற்கள் நிறைந்த இடத்தைக் குறிக்கும் பழங்குடிச் சொல். 'மிஸ்' என்பது கிரேக்க மொழியில் எலி. 'பார்வஸ்' என்றால் இலத்தீனில் சிறியது. கல்லிடையே வாழும் சிற்றெலி என்று பொருள் கொள்ளலாம். பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் ஆதிமனிதர்களின் புதைபடிவங்களைக் கண்டறிந்து உலகப் புகழ் பெற்றவரும் இதே புரூம்தான். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக, உலகிலிருந்து அற்றுப்போனதாகக் கருதப்பட்ட விலங்கு, ஒரு விடுதிக்குள் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது.

இன்று அதனை மலைக் குள்ளப் போசம் என்று அழைக்கிறோம். அதன் கதையைத் தனியாகச் சொல்ல முடியாது. சிறகை விரித்தால் நான்கைந்து சென்டிமீட்டரே இருக்கும் பழுப்பு நிறப் பூச்சி ஒன்று அக்கதைக்குள் வந்துகொண்டே இருக்கும். அதன் பெயர் போகோங் அந்துப்பூச்சி. ஒன்று பாலூட்டி, மற்றொன்று பூச்சி. உயிரின வகைப்பாட்டில் இவ்விரண்டும் மிகத் தொலைவில் நிற்கின்றன. அழிவின் ஏணியிலோ ஒரே ஒரு படிதான் இடைவெளி.

பெயரில் ஒரு குழப்பம்

'போசம்' என்ற சொல் பிறந்த இடம் ஆஸ்திரேலியா அன்று, வட அமெரிக்கா. வர்ஜீனியாப் பகுதியில் வாழ்ந்த பவ்ஹாட்டன் பழங்குடியினர், வெளிறிய முகம் கொண்ட ஒரு விலங்கைத் தம் மொழியில் அழைத்த பெயரை, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் 'ஒப்போசம்' என்று எழுதி வைத்தனர். 1770இல் கேப்டன் குக்கின் கப்பலில் ஆஸ்திரேலியா சென்ற ஜோசப் பேங்க்ஸ் என்னும் இயற்கை அறிஞர், அங்குக் கண்ட ஒரு விலங்கை அமெரிக்க ஒப்போசத்தோடு ஒப்பிட்டார். ஒப்பீடு பெயராக நிலைத்துவிட்டது. காலப்போக்கில் முதலெழுத்து உதிர்ந்து 'போசம்' ஆனது.

இரண்டுமே பைப்பாலூட்டிகள், அதாவது, முழு வளர்ச்சியடையாத குட்டிகளை ஈன்று, வயிற்றுப்பையில் வைத்துப் பாலூட்டி வளர்ப்பவை. ஆனாலும், அமெரிக்க ஒப்போசத்தின் வாயைத் திறந்து பார்த்தால் 50 பற்கள் இருக்கும். ஆஸ்திரேலியப் போசத்தின் கீழ்த்தாடையிலோ முன்னோக்கி நீண்ட இரண்டு பெரிய வெட்டும் பற்கள் எடுப்பாகத் தெரியும். அதன் பின்னங்காலில் இரண்டாம், மூன்றாம் விரல்கள் ஒட்டியிருக்கும். கங்காருவுக்கும் கோவாலாவுக்கும் இதே அடையாளங்கள் உண்டு. எனவே, ஹோத்தம் மலையில் அகப்பட்ட அச்சிறு விலங்குக்குத் தன் பெயரைக் கொடுத்த ஒப்போசத்தைவிடக் கங்காருவே நெருங்கிய உறவு.

பெயரை வைத்து உறவைத் தீர்மானிக்க முடியாது என்பதற்குத் தமிழிலும் சான்றுகள் உண்டு. கடற்குதிரை குதிரையன்று, அது மீன். 'அந்து' என்பது முதலில், சேமித்து வைத்த தானியத்தைத் தின்னும் சிறு பூச்சியைக் குறித்த சொல். இன்று அந்துப்பூச்சி என்னும் பெயரை, தானியத்தின் பக்கமே போகாத ஆயிரக்கணக்கான இனங்களுக்கும் வழங்குகிறோம். இத்தகைய குழப்பங்களைத் தவிர்க்கவே அறிவியலாளர்கள் பொதுப் பெயரை விட்டுவிட்டு அறிவியற்பெயரைப் பயன்படுத்துகின்றனர்.

எந்தப் படியில் பிரிகின்றன?

விலங்குகளுக்குப் பேரினப் பெயர், சிற்றினப் பெயர் என்னும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பெயரிடும் முறையை, சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1758இல் வெளிவந்த தம் நூலில் முறையாகக் கையாண்டார். அதன் அடிப்படையில் வளர்ந்ததே இன்றைய வகைப்பாடு. உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று அது படிப்படியாகக் கீழிறங்கும். இரண்டு உயிர்கள் எத்தனை படிகள் ஒன்றாக இறங்குகின்றனவோ, அந்த அளவுக்கு அவை நெருங்கிய உறவுடையவை.

நம் இரண்டு உயிர்களும் முதற்படியில் மட்டுமே சேர்ந்து நிற்கின்றன. இரண்டும் விலங்குலகத்தைச் சேர்ந்தவை, அவ்வளவுதான். அடுத்த படியிலேயே பாதை பிரிந்துவிடுகிறது. போசம், முதுகுநாண் உடைய விலங்குகளின் தொகுதிக்குள் செல்கிறது. அந்துப்பூச்சிக்கு முதுகெலும்பு இல்லை. உடலைத் தாங்குவது அதன் வெளிப்புறக் கூடு. மூட்டுகளுடைய கால்களைக் கொண்ட அது, நண்டும் சிலந்தியும் அடங்கிய கணுக்காலிகள் தொகுதிக்குள் செல்கிறது. அதன் பிறகு அவை எங்கும் சந்திப்பதே இல்லை. போசம் பாலூட்டிகள் வகுப்பு, 'டைப்ரோட்டோடான்ஷியா' எனப்படும் இருமுன்பல் வரிசை, பர்ராமிஸ் பேரினம். அந்துப்பூச்சி பூச்சிகள் வகுப்பு, வண்ணத்துப்பூச்சிகளையும் உள்ளடக்கிய செதிலிறகிகள் வரிசை, அக்ரோட்டிஸ் பேரினம். 'அக்ரோட்டிஸ் இன்ஃபூசா' என்பது அதன் முழு அறிவியற்பெயர்.

இவ்விரண்டுக்கும் பொதுவான மூதாதை 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலில் வாழ்ந்தது. வேறுவிதமாகச் சொன்னால், அந்தப் போசத்துக்கு அந்துப்பூச்சியைவிடத் தவளை நெருக்கம்; மீன் நெருக்கம்; இப்பகுதியை வாசித்துக்கொண்டிருக்கும் நீங்களும் நெருக்கம்.

ஒருமுறைகூடப் பார்த்திராத மலை

உறவில் இத்தனை தொலைவிலிருக்கும் இரண்டும் எங்கே சந்திக்கின்றன? இதற்கு அந்துப்பூச்சியின் பயணத்தை அறிய வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் பருவங்கள் வடக்கு நாடுகளுக்கு நேர்மாறானவை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை குளிர்காலம், செப்டம்பரில் வசந்தம். போகோங் அந்துப்பூச்சியின் புழுக்கள் குளிர்காலத்தில் தெற்குக் குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா ஆகிய பகுதிகளின் சமவெளிகளில் பயிர்களையும் புற்களையும் தின்று வளர்கின்றன. இளம் பயிரின் தண்டை அறுத்துவிடுவதால் உழவர்களுக்கு இவற்றின்மீது அன்பில்லை. மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, வசந்தத்தில் சிறகு முளைத்து வெளிவந்ததும், இவை தென்கிழக்கிலுள்ள ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் மலைத்தொடரை நோக்கிப் பறக்கத் தொடங்குகின்றன. சில 1,000 கிலோமீட்டர் வரை பறக்கின்றன; இரவில் மட்டும்.

வழிகாட்ட எவரும் இல்லை. பெற்றோர் இறந்து மாதங்கள் ஆகிவிட்டன. தான் ஒருமுறைகூடப் பார்த்திராத மலையை ஒரு பூச்சி எப்படிக் கண்டடைகிறது? இக்கேள்விக்கான விடை அண்மையில்தான் துலங்கத் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களோடு பூமியின் காந்தப்புலத்தையும் சேர்த்து அவை திசையறிகின்றன என்பதை 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. 2025இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, விண்மீன்கள் நிறைந்த வானத்தையே அவை திசைகாட்டியாகப் பயன்படுத்துகின்றன என்று நிறுவியது. கடுகளவு மூளைகூட இல்லாத உயிர் இது.

மலையை அடைந்ததும் அவை செய்வது ஒன்றுதான்: உறக்கம். சமவெளியின் கோடை வெப்பத்திலிருந்து தப்பி, மலையுச்சியின் குளிர்ந்த குகைச் சுவர்களிலும் பாறை இடுக்குகளிலும் ஒட்டிக்கொள்கின்றன. ஓடு வேய்ந்த கூரையைப்போல் ஒன்றின்மேல் ஒன்றாக வரிசை கட்டி அமர்கின்றன. ஒரு சதுர மீட்டர் பாறையில் ஏறத்தாழ 17,000 பூச்சிகள் இருக்கும். கோடை முடிந்ததும் வந்த வழியே திரும்பிச் சென்று, முட்டையிட்டு இறக்கின்றன.

அம்மலைகளைச் சூழ்ந்து வாழ்ந்த பழங்குடி மக்களுக்குக் கோடைக்காலம் விருந்துக்காலம். கொழுப்பு நிறைந்த இப்பூச்சிகளைத் திரட்டி, வாட்டி உண்ண, பல குழுவினர் மலைகளில் கூடினர். விக்டோரியாவின் கிளாக்ஸ் குகையில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டு பழைமையான அரைகல் ஒன்றில் இவ்வந்துப்பூச்சியின் எச்சங்களை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

விழித்தெழும் தாய்

அதே மலையின் பாறைக் குவியல்களுக்கு அடியில், போசம் குளிர்கால உறக்கத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உயர்மலைப் பகுதியில் மட்டுமே வாழும் ஒரே பாலூட்டி இதுதான். எடை ஏறத்தாழ 45 கிராம். அது சுருண்டு கிடக்கும் இடத்துக்கு மேலே பனி ஒரு கம்பளியைப்போல் மூடி, கடுங்குளிர் உள்ளே இறங்காமல் தடுக்கிறது. போசத்தின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 2 பாகை செல்சியசு வரை குறைந்துவிடும். வளர்ந்த பெண் போசம் ஏழு மாதங்கள் வரை இவ்வாறு கழிக்கும்.

வசந்தத்தில் அது விழிக்கும்போது உடலில் சேர்த்து வைத்த கொழுப்பு கரைந்திருக்கும். விரைவிலேயே குட்டிகளும் பிறந்துவிடும். தாயின் பையில் பால்காம்புகள் நான்கே; ஆகவே, நான்கு குட்டிகள்வரை பிழைக்கும். அந்த நான்குக்கும் பாலூட்ட, கொழுப்பு நிறைந்த உணவு உடனே தேவை. சரியாக அந்த வாரங்களில்தான் கோடிக்கணக்கான அந்துப்பூச்சிகள் அதன் பாறையிடுக்குகளுக்குள்ளேயே வந்து இறங்குகின்றன. ஒன்று குளிர்கால உறக்கத்திலிருந்து எழும் வேளையில், மற்றொன்று கோடைக்கால உறக்கத்துக்கு வந்து சேர்கிறது. விதைகளும் சிறு கனிகளும் பின்னர்தான் கிடைக்கும். அதுவரை தாயின் பாலாக மாறுவது, தொலைதூரச் சமவெளியில் ஒரு புழு தின்ற புல்.

சிவப்புப் பட்டியலில் எந்தப் படி?

உயிரினங்கள் எவ்வளவு ஆபத்தில் உள்ளன என்பதை அனைத்துலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1964 முதல் சிவப்புப் பட்டியலாக வெளியிட்டு வருகிறது. கவலை குறைந்தது, அச்சுறுத்தலை நெருங்குவது, பாதிப்புக்கு உள்ளாகக்கூடியது, அருகிவருவது, மிக அருகிவிட்டது, காட்டில் அற்றுவிட்டது, முற்றிலும் அற்றுவிட்டது என்னும் படிகள் அதில் உள்ளன.

பெயர் கொடுத்த வர்ஜீனியா ஒப்போசம் 'கவலை குறைந்த' படியில் நிம்மதியாக இருக்கிறது. குப்பைத்தொட்டியில் கிடைப்பதையும் உண்டு நகரங்களில் பெருகிவரும் விலங்கு அது. மலைக் குள்ளப் போசம் 'மிக அருகிவிட்ட' படியில் இருக்கிறது. மூன்று தனித்தனி மலைப்பகுதிகளில் ஏறத்தாழ 2,000 மட்டுமே எஞ்சியுள்ளன. போகோங் அந்துப்பூச்சி 2021 டிசம்பரில் 'அருகிவரும்' படியில் சேர்க்கப்பட்டது. மலேசியக் காடுகளில் வாழும் தெனுக் எனப்படும் தாப்பிரும் அதே படியில்தான் உள்ளது.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. ஆல்ப்ஸ் மலைக்கு ஆண்டுதோறும் வந்த அந்துப்பூச்சிகள் 4.4 பில்லியன் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அவற்றுள் மிகச் சிறு பங்கு எஞ்சியிருந்தாலும் மில்லியன் கணக்கில் இருக்குமே! அதையும் தாப்பிரையும் ஒரே படியில் வைப்பது எப்படிப் பொருந்தும்?

விடை, எண்ணிக்கையில் இல்லை. எண்ணிக்கை சரியும் வேகத்தில் இருக்கிறது. பத்து ஆண்டுகள், மூன்று தலைமுறைகள் ஆகியவற்றுள் எது நீண்டதோ, அக்காலத்துக்குள் ஓர் இனம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்து, குறைவுக்கான காரணமும் நீங்காதிருந்தால், அது 'அருகிவரும்' படிக்குத் தகுதி பெறுகிறது. 80 விழுக்காடு குறைந்தால் அடுத்த படி. சிவப்புப் பட்டியல் ஒரு கணக்கெடுப்பு அன்று, ஓர் எச்சரிக்கை. பூச்சிகளுக்கு இது மிகவும் பொருந்தும். பூச்சிகள் குறைவதை நாம் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை.

பைக்குள் இறந்த குட்டிகள்

2017இலும் 2018இலும் இந்த எச்சரிக்கை கண்முன் வந்தது. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் கடும் வறட்சி நிலவியது. புழுக்கள் வளரும் சமவெளிகளில் புல் கருகியது. வசந்தம் வந்தது, மலைக் குகைகளுக்கு அந்துப்பூச்சிகள் வரவில்லை. வழக்கமாகச் சுவரே தெரியாதபடி மூடியிருக்கும் குகைகளில் வெறும் பாறை தெரிந்தது. முந்தைய நிலையோடு ஒப்பிட, 99.5 விழுக்காடு வரை குறைந்துவிட்டதாக மதிப்பிடப்பட்டது.

அதே காலத்தில் விக்டோரியா மலைகளில் போசங்களைக் கணக்கெடுத்தவர்கள், பெண் போசங்களின் பைகளுக்குள் இறந்த குட்டிகளைக் கண்டனர். சில இடங்களில் பெரும்பாலான தாய்கள் எல்லாக் குட்டிகளையும் இழந்திருந்தன. பசித்த தாயிடம் பால் இல்லை.

வறட்சி ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பூச்சிகள் வளரும் நிலங்கள் வேளாண்மைக்காக மாற்றப்பட்டுள்ளன. நகர விளக்குகளும் அவற்றைத் திசைதிருப்புகின்றன. விளக்கில் விழுந்த விட்டில் போல என்று நாம் சொல்லும் உவமை, இங்கு உண்மையிலேயே நடக்கிறது. 1988இல் கன்பெராவில் திறக்கப்பட்ட நாடாளுமன்றக் கட்டடத்தின் ஒளிவெள்ளத்தில் இவை கூட்டங்கூட்டமாய்ச் சிக்கின. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில் பாடிக்கொண்டிருந்த பாடகியின் உடையில் ஓர் அந்துப்பூச்சி வந்து அமர்ந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அன்று அது வேடிக்கையாக இருந்தது.

போசத்துக்கு வேறு தொல்லைகளும் உண்டு. பனிச்சறுக்கு விடுதிகளும் சாலைகளும் அதன் வாழிடத்தைத் துண்டாடின. பூனையும் நரியும் அதனை வேட்டையாடுகின்றன. பருவநிலை மாற்றத்தால் பனி மெல்லியதாகும்போது கம்பளியும் மெல்லியதாகிறது. பூச்சிகள் வருமுன்பே போசம் விழித்துவிடும் ஆபத்து ஏற்படுகிறது.

எங்கே உதவுவது?

போசத்துக்கு நேரடியாகச் செய்யக்கூடிய உதவிகளில் சில நன்றாகவே பலனளித்தன. ஹோத்தம் மலைப் பகுதியில் ஆண், பெண் போசங்கள் வாழும் பாறைப் பகுதிகளை ஒரு சாலை பிரித்திருந்தது. 1980களில் அச்சாலைக்கு அடியில் கற்களால் நிரப்பிய சிறு சுரங்கவழி அமைக்கப்பட்டது. மக்கள் அதற்குக் 'காதல் சுரங்கம்' என்று பெயர் வைத்தனர். புல்லர் மலையில் போசங்கள் சில பத்துகளாகக் குறைந்து, நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து நலிந்தன. 2011 முதல் ஹோத்தம் மலையிலிருந்து ஆண் போசங்கள் அங்குக் கொண்டு செல்லப்பட்டன. புதிய மரபணுக்கள் கலந்ததால் அக்கூட்டம் மீண்டு, இருநூறைத் தாண்டியது. 2020 தொடக்கத்தில் காட்டுத்தீ கோசியஸ்கோ மலைப்பகுதியைச் சுட்டெரித்தபோது, அந்துப்பூச்சியின் சத்துக்கு நிகராகத் தயாரித்த 'போகோங் பிஸ்கட்'டும் தண்ணீரும் பாறைகளுக்கிடையே வைக்கப்பட்டன.

ஆனால், ஒரு மலை முழுவதும் ஆண்டுதோறும் பிஸ்கட் வைத்துக்கொண்டிருக்க முடியாது. அப்படியானால், போசத்தைக் காக்க வேண்டுமென்றால் அது தின்னும் பூச்சியையும் காக்க வேண்டும். அருகிவரும் ஓர் இனத்தை மிக அருகிவிட்ட மற்றோர் இனம் தின்கிறதே, இதில் யார் பக்கம் நிற்பது என்று கேட்கத் தோன்றலாம். பக்கம் பிரிக்கத் தேவையே இல்லை. 2,000 போசங்கள் எவ்வளவு தின்றாலும், கோடிக்கணக்கில் வரும் பூச்சிக்கூட்டத்துக்கு அது பொருட்டன்று. பூச்சியைக் குறைத்தவை வறண்ட மண்ணும் மாறிய நிலமும்தான்.

ஆகவே, மலையில் வாழும் விலங்குக்கான பணி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வயல்வெளிகளிலும் நகரங்களிலும் நடக்கிறது. விக்டோரியாவின் விலங்குக்காட்சிச் சாலைகள், வசந்தகாலத்தில் தேவையற்ற வெளிவிளக்குகளை அணைத்துவிடும்படி மக்களைக் கேட்டுக்கொள்கின்றன. அந்துப்பூச்சியைக் கண்டவர்கள் படம் எடுத்துப் பதிவுசெய்ய ஓர் இணையத்தளத்தையும் அவை நடத்துகின்றன. அப்படிப் பதிவிடுவோரில் பள்ளி மாணவர்களும் அடங்குவர்.

ஒவ்வோர் ஆண்டும் வசந்தத்தின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் மலையேறுகின்றனர். இரவில் வைத்த சிறு கூண்டுகளை விடியலில் திறந்து, உள்ளங்கைக்குள் அடங்கும் பெண் போசத்தை மெல்லத் துணிப்பையில் ஏந்தி எடை பார்க்கின்றனர். பிறகு, அதன் வயிற்றுப்பையை விரல்நுனியால் சற்றே விலக்கி, உள்ளே எத்தனை குட்டிகள் உயிரோடு இருக்கின்றன என்று எண்ணுகின்றனர். நான்கு இருந்தால், அந்துப்பூச்சிகள் வந்து சேர்ந்துவிட்டன.